உலர் எடை

சர்ச் ஹாலின் கழிப்பறையில் நின்றுகொண்டு பெவர்லி காதுத் தோடுகளைக் கழற்றினாள். பிறகு கைக்கடிகாரத்தை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தலைமுடியில் செருகியிருந்த கிளிப்பையும். வெளியே பிப்ரவரி. கூரைத் தகரத்தில் ஆலங்கட்டி மழை தட்டிக்கொண்டிருந்தது. அவள் போட்டிருந்ததோ எப்போதோ டெனரிஃப் தீவுக்குப் போனபோது வாங்கிய, பூப்போட்ட கோடைக்கால கவுன். ஜனீன் நடத்தும் எடை குறைப்புக் குழுவுக்குச் செவ்வாய்க்கிழமை எடை பார்க்க வரும் எல்லாப் பெண்களிடமும் இப்படி ஒரு மெல்லிய உடை இருந்தது. கோட்டுகளும் பூட்ஸுகளும் சுவரோரம் குவிந்து கிடக்க, கடலில் குளிக்கக் கிளம்பியவர்களைப் போல வெறுங்காலோடு வரிசையில் நிற்பார்கள். வட இங்கிலாந்தில் டார்வென் மாதிரி ஊரில், மலையிலிருந்து காற்று நேராகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் இடத்தில், அது பார்க்கச் சகிக்காத காட்சி. ஆனால் வருடக்கணக்காகப் பார்த்தவர்களுக்கு அது உறைப்பதில்லை.

கண்ணாடியில் அவள் உதடுகள் வெளிறிப்போய் ஓரங்களில் வெடித்திருந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை. வேலை செய்யும் ஆரம்பப் பள்ளியின் சமையலறையில், கொதிக்கும் கஸ்டர்டுக்கு முன்னால் நின்று கிளறிக்கொண்டிருந்தபோது ஒருமுறை தலை சுற்றியது. அடுப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சமாளித்தாள். இந்த யோசனையை அவளுக்குக் கொடுத்தவன் தம்பி ரஸ்ஸல். அவனுக்குத் தெரியாமலேயே கொடுத்திருந்தான்.

ரஸ்ஸலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக் கார் வந்து டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும். இயந்திரத்தில் படுப்பதற்கு முன்னால் ஒருமுறை, எழுந்த பிறகு ஒருமுறை எடை பார்ப்பார்கள். வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்கும் தண்ணீரையெல்லாம் உறிஞ்சி எடுத்த பிறகு எஞ்சுவதற்கு நர்சுகள் 'உலர் எடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதுதான் உண்மையான நீ, மற்றதெல்லாம் நீ குடித்தது என்று ஒரு நர்ஸ் சொன்னாளாம். அதை அவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். "நாலு மணி நேரத்துல மூணு கிலோ இறக்கிட்டு வர்றேன். உங்க ஜனீனால முடியுமா? பேசாம நீயும் வந்து பக்கத்துப் படுக்கையில படுத்துக்க பெவ்." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, தண்ணீருக்கு இவ்வளவு எடை இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துகிறது என்று போன வருடம் வசந்த காலத்திலேயே தெரிந்துவிட்டது. ரத்தம், இதயம், நுரையீரல், மனசு என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கடைசியில் அறுவை மருத்துவர் அவளை உட்காரவைத்துப் பேசினாள். மரியாதையான பெண். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டுத்தான் சொன்னாள்: இந்த எடையில் உங்களை அறுவை மேஜையில் கிடத்த மாட்டேன், அவரைக் காப்பாற்றப் போய் உங்களை இழக்க முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள். குறைக்க வேண்டியது பதினெட்டு கிலோ. பெவர்லி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் ரஸ்ஸல் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். "இன்னும் ஏதோ ரத்த டெஸ்ட் பாக்கியாம்" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பொய்க்கு மாதாமாதம் தீனி போட வேண்டியிருந்தது. ஒருமுறை பரிசோதனைக் கூடத்தில் தாமதம். ஒருமுறை டாக்டர் விடுப்பு. இப்போது ஏப்ரலில் கடைசியாக ஒரு நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கும் எடை இறங்கவில்லை என்றால் அவள் பெயரை எடுத்துவிட்டு, இறந்தவர்களிடமிருந்து வரும் சிறுநீரகத்துக்காக மட்டும் அவன் காத்திருக்க வேண்டியதுதான். அவனோடு கூட்டாகக் காரில் போன இருவர் அப்படிக் காத்திருந்து போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இதற்கு முன்னால் அவள் எடை குறைத்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஊரில் யாரையும்விட அதிகமாகக் குறைத்தவள் அவள்தான். கல்யாணத்துக்காகக் குறைத்தாள், புருஷன் விட்டுப் போன பிறகு அவனுக்குக் காட்டுவதற்காகக் குறைத்தாள், டெனரிஃபுக்காக, நாற்பதாவது பிறந்தநாளுக்காக, முழங்கால் வலிக்காக. முட்டைக்கோஸ் சூப் குடித்து, தூள் கரைத்துக் குடித்து, ஜிம்முக்குப் பணம் கட்டி. ஒவ்வொரு முறையும் குறைந்தது. ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தது, வரும்போது கூட ஆளைக் கூட்டிக்கொண்டு. ஜனீனின் இந்தக் குழுவில் எத்தனையாவது முறையாகச் சேர்கிறாள் என்பதை இருவருமே எண்ணுவதை விட்டுவிட்டார்கள். "திரும்பி வந்தீங்க பாருங்க கண்ணு, அதான் பெரிய விஷயம்" என்று ஜனீன் ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் சொல்வாள்.

காரணம் போதாமல் இருந்தது, அதனால்தான் நிலைக்கவில்லை என்று பெவர்லி நம்பியிருந்தாள். கவுனுக்காகவும் கடற்கரைக்காகவும் எவளாவது ஆயுள் முழுக்கப் பசியோடு இருப்பாளா? மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, வெட்கத்துக்கு நடுவே, ஒருவித நிம்மதிகூட அவளுக்கு இருந்தது. இதோ, இதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் கிடையாது. இனி வாய் தானாக மூடிக்கொள்ளும். மூன்று வாரம் மூடித்தான் இருந்தது. நான்காவது வாரத்தில் ஒரு நாள், பள்ளிச் சமையலறையில் தட்டுகளைக் கழுவும்போது, பிள்ளைகள் மிச்சம் வைத்த ஜாம் ரோல்களை நின்றபடியே ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்த தன் கையை அவள் பார்த்தாள். துக்கமில்லை, கோபமில்லை, பசிகூட இல்லை. ரஸ்ஸலின் முகத்தை வேண்டுமென்றே மனதுக்குள் கொண்டுவந்தாள். கை நிற்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு உண்டான பயம் முன்பு எந்தத் தராசின் மேலும் உண்டானதில்லை.

"ஆறு பவுண்டு" என்றாள் ஜனீன். தராசின் எண்ணை இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். கிட்டத்தட்ட மூன்று கிலோ. "பெவ், ஆறு பவுண்டு இறங்கியிருக்கு."

அந்த வாரத்தின் வெற்றியாளர் அவள்தான். ஆளுக்கொரு பழம் கொண்டுவந்து போட்ட கூடையை வெற்றி பெற்றவள் வீட்டுக்கு எடுத்துப் போவது அங்கே வழக்கம். அதற்கு முன் வட்டமாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே எழுந்து நின்று, எது தன்னைத் தூண்டியது என்று சொல்ல வேண்டும். சாதாரணமாக யாரும் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. ராத்திரியில் டோஸ்ட்டை விட்டேன் என்பார்கள். மகள் கல்யாணம் என்பார்கள். பெவர்லியும் அப்படி ஏதோ சொல்லத்தான் எழுந்தாள். எழுந்தபோது விளக்குகள் கொஞ்சம் மங்கி மறுபடி பிரகாசமாயின. வாய் காய்ந்திருந்ததால் முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. "என் தம்பிக்கு ஒரு கிட்னி குடுக்கணும். இறங்கினாத்தான் எடுப்பாங்களாம்."

ஹாலில் கொதிகெண்டியின் சீறல் மட்டும் கேட்டது. பிறகு கைதட்டல். வழக்கமான ஒப்புக்கான தட்டல் அல்ல. எழுந்து நின்று தட்டினார்கள். தபால் நிலையக் கவுன்டரில் வேலை பார்க்கும் டோரீன், இருபது வருடமாக அதே ஏழு பவுண்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பவள், வாய்விட்டு அழுதாள். "இத்தன நாளா வாயத் தொறக்கல பாரு இந்தப் பொண்ணு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பெவர்லி கூடையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னிடமிருந்து இறங்கியது கொழுப்பல்ல, தண்ணீர் என்பதை அந்த அறையில் அவள் ஒருத்திதான் அறிவாள்.

எடை பார்த்து முடிந்ததும் ஹாலுக்குப் பின்தெருவில் இருக்கும் மீன் வறுவல் கடைக்குப் போவதும் அங்கே வழக்கம்தான். ஆனால் யாரும் பேசிக்கொள்ளாத வழக்கம். அடுத்த தராசுக்கு ஒரு முழு வாரம் இருக்கிறது, இன்றிரவு தின்றது கணக்கில் வராது என்பது அந்தப் பெண்களின் மதம். வரிசையில் நிற்கும்போது ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் அந்த விதி உடைந்தது. பழக்கூடையோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பெவர்லியைப் பார்த்ததும் வரிசை விலகி வழிவிட்டது. "நீ முன்னால போ கண்ணு" என்றாள் டோரீன். "இன்னிக்கு நீ சாப்பிடலாம்." கடைக்காரன் எதுவும் புரியாமலேயே ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வறுவலை அதிகமாகப் போட்டான். வெளியே வந்து, ஒரு பாட்டில் இனிப்பு சோடாவை பஸ் நிறுத்தத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, மூச்சுவிடாமல் அவள் குடித்து முடித்தாள். அது உடம்புக்குள் இறங்கிப் பரவுவது விரல் நுனிவரை தெரிந்தது. இறங்கிய ஆறு பவுண்டில் இரண்டு அங்கேயே திரும்பி ஏறியிருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹாலுக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது ரஸ்ஸல் வந்தான். அவனிடம் சாவி உண்டு, தட்டவில்லை. வளர்ந்த பிறகும் சட்டை நுனியை இழுத்துக்கொண்டே நடக்கிறவன். ஊசி குத்திக் குத்தி மேடு தட்டிப்போன இடது கையை எப்போதும்போல வயிற்றோடு அணைத்திருந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். மேஜையில் அந்தப் பழக்கூடை அப்படியே இருந்தது. வாழைப்பழங்கள் கறுத்துக் கசிந்திருந்தன.

"பரிசு வாங்கினியாமே" என்றான்.

பெவர்லி கவுனின் மேல் ஒரு சால்வையைப் போர்த்தினாள். "யார் சொன்னா?"

"டோரீன். ஸ்டாம்ப் வாங்கப் போனேன். கவுன்டர்ல இருந்து எட்டிக் கையப் புடிச்சிக்கிட்டா. ஒரே வாரத்துல ஆறு பவுண்டு, உனக்காக உங்க அக்கா உருகிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லி அழுதா. பின்னால எட்டு பேர் நிக்குறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்." சட்டை நுனியை இழுத்தான். "ரத்த டெஸ்ட்டு எல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு, இல்ல?"

அவள் சுத்தமாக இருந்த மேஜையை ஒரு துணியால் துடைத்தாள்.

"ஒரு வருஷமா அந்த லேபைத் திட்டிக்கிட்டு இருக்கேன் பெவ். கிறிஸ்துமஸ்க்கு முன்னால ஃபோன் போட்டு அங்க ஒரு பொண்ண அழவே வச்சிட்டேன். சின்னப் பொண்ணு. மன்னிச்சுக்கங்க சார், மன்னிச்சுக்கங்க சார்னு சொல்லிச்சு. எதுக்கு மன்னிப்புக் கேக்குறோம்னு அதுக்கே தெரியாம."

"நான் என்னன்னு சொல்லுவேன்? வாயக் கட்ட முடியாததால உனக்குக் கிட்னி இல்லன்னா?"

"ஆமா. அப்பிடியே சொல்லியிருக்கலாம்."

வெளியே ஏதோ கார் ஏற்றத்தில் கியர் மாற்றிக்கொண்டு போனது. ரஸ்ஸல் ஒரு வாழைப்பழத்தை விரலால் தள்ளினான். அவனுக்கு வாழைப்பழம் ஆகாது, ஆரஞ்சு ஆகாது, உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டிய பிறகுதான் தின்னலாம். அந்தக் கூடையில் அவன் நம்பித் தொடக்கூடியவை ஆப்பிள்கள் மட்டும்தான். பழத்தைப் பார்த்தபடியே அவன் கேட்டான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்று. "குடுக்க இஷ்டம் இல்லன்னா சொல்லிரு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். கத்தி வைக்கறதுன்னா யாருக்கும் பயம்தான்."

இந்தக் கேள்வியை அவளே தன்னிடம் பலமுறை கேட்டிருந்தாள். ஒவ்வொரு வறுவலும் அந்தக் கத்தியை ஒரு நாள் தள்ளிப்போடுகிறதோ, வயிறு தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறதோ என்று. அப்படி இருந்தால்கூட ஒரு நிம்மதி. அதற்கு ஒரு பெயராவது இருக்கும்.

"பயம் இருக்கு" என்றாள். "ஆனா அதுக்காகத் திங்கலடா. அம்மா செத்த அன்னிக்கும் தின்னேன். ஒண்ணுமே நடக்காத புதன்கிழமையிலயும் தின்னேன். இதுதான் காரணம்னு காட்ட எனக்கு ஒண்ணும் இல்ல. உன்னை நினைச்சுப் பார்த்தா நிக்கும்னு நினைச்சேன்." நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்ல எச்சில் போதவில்லை. "உனக்காகக்கூட நிக்கல."

ரஸ்ஸல் கூடையைத் தள்ளி வைத்தான். காலையில் ஒரு சின்ன ஜாடியில் அன்றைக்கான தண்ணீரை அளந்துவைத்து, அது காலியானால் அன்றைக்குத் தாகத்தோடு படுக்க வேண்டியவன் அவன். புதினா மிட்டாய் சப்புவான்; ஐஸ் கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வான். "போன சனிக்கிழமை மேட்ச் பார்க்கப் போனேன்ல" என்றான். "மூணு பைன்ட் பியர் அடிச்சேன். திங்கட்கிழமை போனா அஞ்சு கிலோ கூட. மூச்சு விட முடியல. அந்த நர்ஸ், அவ பேச்சே பேசல, மூஞ்சிய மட்டும் பார்த்தா. செத்துருவேன்னு எனக்குத் தெரியும் பெவ். தெரிஞ்சுதான் ரெண்டாவது கிளாஸ வாங்கினேன்."

"ஏன்டா?"

"சும்மா கையில இருந்துச்சு. சில்லுன்னு இருந்துச்சு." தோளைக் குலுக்கினான். "எனக்காக என்னாலயே முடியல. நீ எனக்காக முடியலன்னு அழுவுற."

"நான் அழல."

"இல்ல." அவன் தலை நிமிர்ந்து, வந்ததிலிருந்து முதல் முறையாக, அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். உதடுகளை, உதடுகளின் ஓரத்தில் வெண்மையாகக் காய்ந்திருந்ததை, பேசும்போது நாக்கு ஒட்டிப் பிரியும் சின்னச் சத்தத்தை. அந்த முகம் அவனுக்குப் பழக்கம். வாரத்தில் மூன்று நாள், கார் கண்ணாடியிலும் பக்கத்துப் படுக்கைகளிலும் அதைத்தான் பார்க்கிறான். "எப்பக் குடிச்ச கடைசியா?"

"என்னத்த?"

"தண்ணிய."

அவள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "போகணும் ரஸ். வரிசை ஆரம்பிச்சிருக்கும்."

"ஆறு பவுண்டு" என்றான் அவன், மெல்ல. "அடிப்பாவி. என்கிட்டயே கத்துக்கிட்டியா." அவனுக்குச் சிரிப்பு வந்தது, அது வழியிலேயே வேறு எதுவாகவோ மாறிவிட்டது. எழுந்தான். "உள்ள இருக்கறது ரெண்டுல ஒண்ணு என்னுது. அதப் போட்டு இப்பிடிக் காய வைக்கிற."

அலமாரியிலிருந்து பெரிய கண்ணாடி டம்ளரை எடுத்தான். குழாயைத் திறந்து, தண்ணீர் நன்றாகக் குளிர்ந்து வரும்வரை ஓடவிட்டு, மணிக்கட்டை அதன் கீழே காட்டிக்கொண்டு நின்றான். தேவைக்கு அதிகமாகவே நின்றான். முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு டம்ளரை விளிம்புவரை நிரப்பி, சிந்தாமல் கொண்டுவந்து, அவள் முன்னால் வைத்தான்.

அதைக் குடித்தால் என்ன ஆகும் என்று பெவர்லிக்குத் தெரியும். ஹாலில் எல்லோரும் காத்திருப்பார்கள். போன வாரத்திலிருந்து அவள் அவர்களுடையவள். பள்ளி வாசலில் நிறுத்தி எவ்வளவு இறங்கியது என்று கேட்கிறார்கள். தராசு ஏறியிருந்தால் ஜனீன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல மாட்டாள், மெதுவாகக் கையைத் தட்டிக்கொடுப்பாள். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். டோரீன் காரணம் தேடித் தருவாள். தண்ணீர் கோத்துக்கொண்டிருக்கும் என்பாள்.

"உன் முன்னால குடிக்க மாட்டேன்" என்றாள்.

"குடி. நான் பார்க்கணும்."

அவள் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். முதல் வாய் வலித்தது. அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. தொண்டை தானாக ஏறி இறங்கியது, ஓரங்களில் வழிந்து கவுனின் கழுத்து நனைந்தது. ரஸ்ஸல் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அவனுடைய தொண்டையும், உள்ளே எதுவும் இல்லாமலேயே, ஒருமுறை ஏறி இறங்கியது. காலி டம்ளரை அவள் வைத்ததும் எடுத்துக்கொண்டு போய் மறுபடி நிரப்பினான். அதையும் குடித்தாள். மூன்றாவதை அவன் பாதிதான் நிரப்பினான். அவள் முடித்த பிறகு, டம்ளரின் வெளிப்புறத்தில் வியர்த்திருந்த ஈரத்தை விரலால் துடைத்து, தன் உதட்டில் ஒரு முறை தடவிக்கொண்டான்.

"எப்பக்குள்ள எவ்வளவு இறங்கணுமாம்?"

சொன்னாள். அவன் கணக்குப் போடவில்லை; ஆகாது என்றும் சொல்லவில்லை, ஆகும் என்றும் சொல்லவில்லை. கூடையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து, சட்டையில் தேய்த்து, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். "வா, நானும் வர்றேன். அந்தத் தராசு எப்பிடி இருக்குன்னு பார்க்கலாம். என்னோடத நீ பார்த்திருக்கல்ல."

அவள் சால்வையை நாற்காலியில் போட்டாள். கோடைக் கவுனின் மேலேயே கம்பளி ஸ்வெட்டரை இழுத்து மாட்டினாள். கழற்றி வைத்திருந்த தோடுகளைத் தேடி எடுத்துக் காதில் போட்டுக்கொண்டாள். பூட்ஸ் நாடாவைக் குனிந்து கட்டும்போது வயிறு தொடையில் அழுந்தி, உள்ளே தண்ணீர் இடம் மாறியது.

தெருவில் இந்த வாரம் ஆலங்கட்டி மழை இல்லை. ஏற்றத்தில் இரண்டு பேரும் மெதுவாக ஏறினார்கள். அவன் மூச்சுக்காக அவளும், அவள் முழங்காலுக்காக அவனும் நின்று நின்று. மேலே ஹாலின் ஜன்னல்களில் வெளிச்சம் இருந்தது. மெல்லிய உடைகளில் பெண்கள் வரிசையில் அசைவது ஆவி படிந்த கண்ணாடி வழியே தெரிந்தது. அவர்களில் ஒருத்தி, டோரீனாகத்தான் இருக்க வேண்டும், கையால் கண்ணாடியைத் துடைத்து வெளியே எட்டிப் பார்த்தாள். வேகமாகக் கையசைத்தாள்.

ரஸ்ஸல் நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"கேக்குது" என்றான்.

"எது?"

"தண்ணி. நீ நடக்கறப்ப."

அவள் ஓர் அடி எடுத்துவைத்தாள். கேட்டது. படியில் கால் வைத்தபோது மறுபடி கேட்டது, பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறவளிடமிருந்து வருவது போல. கதவைத் தொடுவதற்கு முன் இருவரும் சற்று நேரம் அங்கேயே நின்றார்கள், அது உள்ளே ஆடி அடங்கும்வரை.